வெயில் படாத எழுத்துகள்

கடலுக்குத் தொலைவான பங்குகளில் வாழும் வாசகர்களுக்கு இக்கட்டுரையின் பொருள் சற்றுப் புதுமையாகத் தோன்றலாம். திருவிழாவுக்கு முன் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பதை எல்லாரும் அறிவர். ஆனால், வெயிலில் நிறம் செத்துச் சுண்ணாம்பாய் உதிரும் ஒரு வள்ளத்துக்குப் புதுச் சாயம் எதுவும் பூசாமல், அதன் பழைய நிறத்தையே அதற்குள்ளிருந்து மீட்டெடுக்கும் வேலையைக் கடற்கரையில் பிறந்தவர்களிலும் பலர் கண்டதில்லை. 2024ஆம் ஆண்டு தவக்காலத்தில் அண்ணனும் தம்பியுமாக நாங்கள் அவ்வேலையில் இறங்கினோம். எங்களில் ஒருவர் வளைகுடா நாட்டிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். மற்றவர் நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறார். இதை எழுதுவது மூத்தவரா இளையவரா என்று வாசகர் ஆராய வேண்டுவதில்லை. தேய்த்ததும் இருவர்; தவறு செய்ததும் இருவர்.

வள்ளம் எங்கள் அப்பாவினுடையது. அப்படித்தான் நாங்கள் எண்ணியிருந்தோம்.

2004 டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆழிப்பேரலை குமரி மாவட்டக் கரையில் எத்தனை வீடுகளை வெறுமையாக்கியது என்பதை இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. எங்கள் குடும்பத்தில் உயிர்கள் தப்பின. அப்பாவின் மரவள்ளம் தப்பவில்லை. அணியத்தின் ஒரு பலகை மட்டும் தென்னந்தோப்பில் கிடைத்தது. 2005ஆம் ஆண்டில் உதவி நிறுவனங்கள் பலவும் கண்ணாடி இழை வள்ளங்களைக் கரையெங்கும் வழங்கின. பல இடங்களில் ஆளுக்கொன்று என்றில்லாமல் நால்வருக்கு ஒன்று என்ற கணக்கில் வந்தன. எங்கள் அப்பாவுக்கும் வேறு மூவருக்குமாக 28 அடி நீளத்தில் ஒரு நீல வள்ளம் வந்து சேர்ந்தது. பங்குத் தந்தை தீர்த்தம் தெளித்து மந்திரித்த அன்று, அந்த நீலத்தில் எங்கள் முகம் தெரிந்தது. சிறுவர்களாகிய நாங்கள் அதன் பக்கத்தில் நின்று பல்லிளித்துப் பார்த்துக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

அவ்வள்ளம் 2022இல் கடைசியாகக் கடல் கண்டது. அப்பாவின் கண்கள் அதற்குமேல் இடம் கொடுக்கவில்லை. ஒரு கண்ணில் வெண்விழியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்ந்திருந்தது. மறு கண்ணில் புரை. நாற்பது ஆண்டுக் கடல் வெயிலும், நீரில் பட்டுத் திரும்பும் ஒளியும் இவ்விரு நோய்களுக்கும் துணைபோகின்றன என்று மருத்துவர் விளக்கினார். புரைக்கு அறுவை செய்தும் முழுப் பார்வை திரும்பவில்லை. எஞ்சினை விற்றுக் கடனை அடைத்தோம். வள்ளம் மட்டும் அணியம் கடலைப் பார்க்க, கரைமேட்டில் திறந்த வெயிலில் கிடந்தது.

அதை வாங்க ஒருவர் வந்தார். கையால் ஒருமுறை தடவிப் பார்த்து, வெள்ளை மாவாய்ப் படிந்த உள்ளங்கையை எங்களிடம் நீட்டிக் காட்டி, "செத்த வள்ளம். 35,000 தரலாம்" என்றார். விலையைவிட அந்தச் சொல்லே எங்களைச் சுட்டது. விற்கத்தான் போகிறோம், ஆனாலும் செத்தது என்று விற்க மனம் வரவில்லை.

இந்த வெண்பொடி யாது என்பதைச் சொல்லாவிடில் மேலே செல்ல இயலாது. கண்ணாடியை நூலினும் மெல்லிய இழையாக்கி, பாலியெஸ்டர் பிசினில் தோய்த்து, அச்சில் படிய வைத்து இறுகச் செய்வதே கண்ணாடி இழை வள்ளம். 1942இல் அமெரிக்காவின் டொலிடோ நகரில் ரே கிரீன் என்பவர் இம்முறையில் சிறு படகொன்றைக் கட்டினார். மரத்தை விட்டு மனிதர் விலகியது ஏறக்குறைய அங்கே தொடங்குகிறது. அச்சுக்குள் முதலில் பூசப்படுவது நிறம் கலந்த பிசின் மட்டுமே. ஜெல்கோட் என்று பட்டறையில் சொல்வார்கள். இழைப் பாய்கள் அதற்குப் பின்னரே அடுக்கப்படும். அச்சிலிருந்து வள்ளத்தைக் கழற்றும்போது முதலில் பூசியது வெளிப்புறத் தோலாக மின்னும். அத்தோலின் கனம் அரை மில்லிமீட்டர் அளவே. இந்த இதழின் தாள்கள் ஆறேழைச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். கடலுக்கும் இழைக்கும் இடையே நிற்பது அவ்வளவுதான்.

கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்கள் இத்தோலின் மேற்பரப்பிலுள்ள பிசினின் பிணைப்புகளை அறுக்கின்றன. பிசின் அரித்துப் போக, அது பிடித்து வைத்திருந்த நிறத்துகள் பற்றுக்கோடின்றிப் பொடியாகிறது. மேற்பரப்பு நுண்ணிய மேடுபள்ளமாகிவிடுவதால், விழும் ஒளி சிதறி வெண்மையாகத் தோன்றுகிறது. நீலம், சிவப்பு போன்ற ஆழ்ந்த நிறங்களில் இது பளிச்சென்று தெரியும். வெள்ளை வள்ளமும் இதே நோய்க்கு உட்படுவதுதான், ஆனால் வெளியே காட்டிக்கொள்ளாது.

எங்கள் வள்ளத்தில் ஒரு விந்தையைக் கண்டோம். தெற்கு நோக்கிய பக்கம் முற்றிலும் வெளுத்திருக்க, வடக்கு நோக்கிய பக்கம் ஓரளவு நீலமாகவே இருந்தது. எங்கள் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகையில் உள்ளது. ஆகஸ்டு முடிவிலிருந்து ஏப்ரல் வரை நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து செல்லும். வடக்கே செல்லும் மாதங்களிலோ தென்மேற்குப் பருவமழையின் மேகங்கள் பெரும்பகுதி வானத்தை மூடிவிடும். எனவே தென்புறத்துக்கே தண்டனை அதிகம். பள்ளிக்கூடத்தில் வரைபடத்தில் படித்த பாடத்தை வள்ளத்தின் விலாவில் கண்டோம்.

"தண்ணி ஊத்திப் பாருங்க மக்களே" என்றார் அப்பா, பூவரசின் நிழலில் அமர்ந்தபடி.

ஒரு குடம் நன்னீரை ஊற்றினோம். ஈரம் பட்ட இடமெல்லாம் நீலம் கிளம்பி வந்தது! காய்ந்ததும் மறுபடி சாம்பல். நீர் மேடுபள்ளங்களை நிரப்புவதால் ஒளி சிதறாமல் உள்ளே செல்கிறது. நிறம் அடியில் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. நனைத்தும் நிறம் வராவிட்டால், தேய்த்துப் பயனில்லை. சாயம் பூசுவதே வழி. மண்ணெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவி ஒரு நாளைக்கு மினுக்கி விற்றுவிடும் வித்தையும் கரையில் உண்டு. அதை ஒருவர் எங்களுக்குக் கனிவுடன் பரிந்துரைத்தார். அது நீரூற்றும் ஏமாற்றேயன்றி வேறல்ல என்பதால் விட்டுவிட்டோம்.

தென்னங்கீற்றால் பந்தலிட்டோம். இவ்வேலையை நேர் வெயிலில் செய்யலாகாது. சூடேறிய பரப்பில் எந்த மருந்தும் பூசியவுடன் உலர்ந்து ஒட்டிக்கொள்ளும். முதல் இரண்டு நாளும் கழுவுவதிலேயே கழிந்தன. உப்பும் மீன்செதிலும் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் போகும்வரை சோப்பு நீரால் தேய்த்துக் கழுவினோம். நங்கூரத்தின் துருக்கறைக்கு ஆக்சாலிக் அமிலத்தை நீரில் கரைத்துப் பூசி, கையுறையோடு துடைத்தெடுத்தோம். கறை போகாமல் தேய்க்கத் தொடங்கினால் கறையையும் மணலையும் தோலுக்குள்ளேயே தேய்த்து ஏற்றுவதாகும்.

மூன்றாம் நாள் அணியத்துக்கு வந்தோம். அங்கே 'ஆரோக்கிய அன்னை' என்று அப்பா பிற்காலத்தில் பட்டை பட்டையாக வெள்ளைச் சாயம் பூசி எழுதுவித்திருந்தார். அந்த வெள்ளைப் பட்டையைத் தின்னர் நனைத்த துணியால் சிறிது சிறிதாகக் களைந்தோம். அடியில் வெளுத்த நீலம் இருக்கும் என்று எதிர்பார்த்தோம். இருந்தது. ஆனால் அதன் நடுவே நான்கு எழுத்துகள், புது வள்ளத்தின் அதே ஆழ்ந்த நீலத்தில், கண்ணாடிபோல் மின்னிக்கொண்டு நின்றன. அ, சே, வி, மி.

அவை எழுதப்பட்ட எழுத்துகளல்ல. எப்போதோ எழுதப்பட்ட சாயம், தன் அடியிலிருந்த தோலை வெயிலிலிருந்து காத்திருக்கிறது. சுற்றியிருந்த பரப்பு சில ஆண்டுகள் அரித்துத் தாழ்ந்துபோக, எழுத்திருந்த இடம் மட்டும் அரிக்கப்படாமல் நின்றுவிட்டது. பின்னர் சாயத்தைச் சுரண்டியெடுத்தும், மேலே வெள்ளை பூசியும், எழுத்துகள் போகவில்லை.

அப்பாவிடம் கூறினோம். எழுந்து வந்து விரல்நுனியால் தடவினார். நான்காம் எழுத்தில் விரல் நின்றது.

"நாலு பேருக்கு வந்த வள்ளமில்லையா. அது பழைய கதை. தேச்சு விடுங்க" என்று கூறிவிட்டுத் திரும்பிப் போனார்.

மற்ற மூன்று எழுத்துகளின் உரியவர்களை அறிவோம். 'அ' அப்பா. 'சே'யும் 'வி'யும் தங்கள் பங்குக்குப் பணம் பெற்றுக்கொண்டு பிரிந்தவர்கள், ஒருவர் இறந்துவிட்டார். 'மி' எங்கள் தெருவின் மறுகோடியில் இருப்பவர். உறவில்லை, ஆயினும் மாமா என்றே சிறு வயதில் அழைத்து வந்தோம். 2009இல் ஏதோ கணக்குத் தகராறில் அவர் விலகிப்போனதும் அவ்வழைப்பு நின்றது. பூசையில் சமாதானம் பகிர்ந்துகொள்ளும் வேளையில் அப்பா வலப்புறம் திரும்பினால் அவர் இடப்புறம் திரும்புவார். ஊரே அறிந்த இச்செய்தியின் காரணத்தை மட்டும் நாங்கள் கேட்டதில்லை, கேட்கத் தோன்றவுமில்லை. எழுத்துகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அணியத்தை விட்டுத் தென்புற விலாவுக்குப் போனோம்.

இங்கேதான் தவறு நேர்ந்தது.

முறை என்னவெனில், உப்புத்தாளில் நீரில் நனைத்துத் தேய்க்கும் வகையை, வாட்டர் பேப்பர் என்று கடையில் கேட்டால் தருவார்கள், அதை ஒரு கட்டையில் சுற்றிக் கையால் தேய்க்க வேண்டும். 600ஆம் எண்ணில் தொடங்கி 800, 1000, 1500, 2000 என்று எண் ஏற ஏறத் தாள் நுண்மையாகும். ஒவ்வொரு தாளும் முந்திய தாள் இட்ட கீறலை அழிப்பதற்கே. பொறுமையின்றி ஒன்றைத் தாண்டினால் அதன் கீறல் கடைசி மெருகில் வந்து நிற்கும். 28 அடியை இவ்வாறு இருபுறமும் ஐந்துமுறை தேய்ப்பதென்பது விடுப்பில் வந்தவருக்கு மலைப்பாக இருந்தது. வாடகைக்கு ஒரு தேய்ப்பு எந்திரம் எடுத்து, கையில் கிடைத்த 120ஆம் எண் தாளை மாட்டினோம். வெண்பொடி புகையாய்ப் பறந்தது. ஒரு மணி நேரத்தில் ஆறடி நீலம் வெளிப்பட்டதும் எங்களுக்கு வந்த பெருமிதத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எந்திர ஓசை கேட்டு அப்பா வந்தார். விலா வளைந்து அடிப்பாகத்தோடு சேரும் மடிப்பின்மேல் உள்ளங்கையை ஓட்டினார். "சுடுது. இந்த விளிம்பு கூரா இருந்த இடம்; இப்ப மழுங்கிக் கிடக்கு. நிறுத்துங்க மக்களே" என்றார். கண் தெரியாதவர் சொல்வதைக் கண் தெரிந்த இருவர் கேட்கவில்லை. இன்னும் நான்கு விரல் அகலம்தான் என்று ஓட்டினோம். நீலம் ஒரு கணத்தில் மெலிந்து, பழுப்பு நிறப் பிசினும், அதில் முடிபோல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த வெள்ளை இழைகளும் தெரிந்தன. தோல் கிழிந்துவிட்டது. முழங்கை நீளத்துக்கு.

இழை வெளிப்பட்ட வள்ளம் அழகு குறைந்த வள்ளம் மட்டுமன்று. நீர் இழைவழியே உள்ளே ஊறும். நாளடைவில் படலங்கள் தளர்ந்து பிரியும். வலை இழுப்பவரின் தொடையிலும் கையிலும் இழைமுனை முள்ளாய் ஏறி அரிக்கும். 35,000 கூட இனிக் கிடைக்காது. எந்திரத்தை அணைத்துவிட்டு இருவரும் மணலில் அமர்ந்தோம். அப்பா கடிந்துகொள்ளவில்லை. அதுவே பெருந்தண்டனையாயிற்று.

"இதைப் பொத்தத் தெரிஞ்சவன் இந்தக் கரையில ஒருத்தன்தான்" என்று நெடுநேரங்கழித்துச் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை. பிரிந்து போனபின் மாமா பத்தாண்டுக்கு மேல் வள்ளம் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தார் என்பது எங்களுக்கும் தெரியும்.

அன்று மாலை மறுகோடிக்கு நடந்தோம். திண்ணையில் வலை முடிந்துகொண்டிருந்த மாமா நிமிர்ந்து பார்த்தார். வரக் காரணத்தைச் சொன்னோம்.

"எத்தனாம் நம்பர் பேப்பர் போட்டிய?"

"நூத்திருபது, மாமா."

"அது தச்சனுக்குள்ளது" என்றார். அவ்வளவே. வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேனென்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு நாங்கள் போகும்போது, ஒரு வாளியும் துணிப்பையுமாகப் பந்தலில் நின்றிருந்தார்.

அடுத்த இரண்டு நாளும் நடந்த உரையாடல் விந்தையானது. "உங்க அப்பாகிட்டக் கேளு, இந்த இடத்துல முன்னால பாறை இடிச்சுதா?" என்று அவர் எங்களிடம் கேட்பார். பத்தடி தொலைவிலிருக்கும் அப்பா எங்களிடம், "2007ல இடிச்சது. அவனுக்குத் தெரியும்னு சொல்லு" என்பார். நாங்கள் தபால்காரர்கள்.

மாமா உடனே நிறம் கலக்கவில்லை. கிழிந்த இடத்தைச் சுற்றியுள்ள பரப்பை முதலில் 2000 வரை தேய்த்து மெருகேற்றச் சொன்னார். வெளுத்த நிறத்துக்குப் பொருத்தமாகக் கலந்துவிட்டால், பின்னர் சுற்றுப்புறம் தெளியும்போது ஒட்டுப்போட்டது தனியே தெரியும் அன்றோ! மெருகேறிய நீலம் வந்தபின், நிறப்பசையில் கடுகளவு கறுப்பும் சிறிது வெள்ளையும் சேர்த்து, குச்சியில் தொட்டு வள்ளத்தின்மேலேயே வைத்துப் பார்த்தார். ஐந்துமுறை பார்த்தார். கிழிந்த இடத்தின் ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, எண்ணெய்ப் பசையற்றுத் துடைத்தார்.

பிசினை இறுகச் செய்யும் நீர்மத்தைக் காட்டலிஸ்ட் என்பர். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே சேர்ப்பது. நம் வெயிலில் கூடினால் கிண்ணத்திலேயே கொதித்துக் கல்லாகிவிடும். குறைந்தால் என்றைக்கும் இறுகாது. அதைத் துளித்துளியாக அவர் எண்ணி விடுகையில், மணத்தைக் கொண்டு அருகில் வந்துவிட்டார் அப்பா. கிண்ணத்தை நோக்கிக் குனிந்தார்.

"லேய், தள்ளி நில்லு! ஒரு துளி தெறிச்சா இருக்கிற கண்ணும் போயிரும்" என்று மாமா கத்தினார்.

பதினைந்து ஆண்டுகளில் அவர் அப்பாவிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. அவர் சொன்னது மிகையுமன்று. அந்நீர்மம் கண்ணில் பட்டால் பார்வையையே அழிக்கவல்லது. அப்பா இரண்டடி பின்னே நகர்ந்தார். "இந்தக் கண்ணுக்கு இனி என்னத்தைப் போவ?" என்றார். "உனக்கு எப்பவும் தர்க்கம்" என்றார் மாமா, கலக்கியபடியே. எங்கள் தபால் உத்தியோகம் அத்துடன் முடிந்தது.

தூரிகையால் பூசியபின் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைக் குமிழியின்றி ஒட்டினார். மெழுகு கலவாத இப்பூச்சு காற்றுப்பட்டால் மேலே பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். காற்றை மறைத்தால்தான் முற்றிலும் இறுகும். மறுநாள் தாளை உரித்து, 400இல் தொடங்கிக் கையால், கட்டை வைத்து, நீர் விட்டு விட்டு, அவரே தேய்த்தார். எங்களையும் பக்கத்தில் அமர்த்திக் கையைப் பிடித்துத் தேய்க்க வைத்தார். கட்டை ஒரே இடத்தில் நிற்கலாகாது. நீர் வெண்பாலாய் வடிந்தால் பழைய பொடி போகிறதென்று பொருள், நீலமாய் வடியத் தொடங்கினால் நல்ல தோலை உண்கிறோமென்று பொருள். எந்திரத்தில் இந்தப் பால்நிறம் எங்கே தெரிந்தது?

அதன்பின் இரண்டு வாரம். அவ்வேலையை நாள்வாரியாக எழுதினால் வாசகர் கொட்டாவி விடுவார்கள், நாங்களே விட்டோம். 2000 முடிந்த பரப்பில் ரப்பிங் காம்பவுண்டைச் சிறிது சிறிதாகத் தடவி, ஆட்டுமயிர் வட்டு பூட்டிய எந்திரத்தை மெதுவான வேகத்தில் ஓட்டினோம். இம்முறை ஒரே இடத்தில் நிறுத்தவில்லை. ஒரு முழம் முடிந்ததும் மென்துணியால் துடைப்போம். துடைத்த இடத்தில் பந்தல் கீற்றும் அதனிடையே வானமும் தெரியும். அப்பாவுக்கு அது தெரியாது. அவர் நனைந்த கட்டைவிரலை அழுத்தி இழுத்துப் பார்ப்பார். கீச்சென்று ஒலித்தால் தலையசைப்பார்; ஒலிக்காத இடத்தை மறுபடி செய்வோம். அவர் தவறாகச் சொன்னதாக ஓரிடமும் இல்லை.

அந்நாள்களில் ஓரிரவு உணவுக்குப்பின் அப்பாவே கணக்கைச் சொன்னார். 2009இல் எஞ்சினைப் பழுது பார்க்கச் செலவான பணத்தை நால்வர் தலையிலும் சமமாக வைத்திருக்கிறார். ஆனால் அப்பணத்தில் ஒரு பகுதி மாமா தம் மனைவியின் நகையை அடகு வைத்துக் கொடுத்தது. அதைக் கணக்கில் காட்டாமல் பங்கைப் பிரித்திருக்கிறார். "மறந்துட்டேன்னு முதல்ல நெனச்சேன். பிறகு ஞாபகம் வந்துது. அவன் ஊர் முன்னால கத்தினதால ஒத்துக்க மனசு வரல்ல. குறைஞ்ச பணம் வேண்டாம்னு அவன் போயிட்டான். நான் வள்ளத்தை வெச்சுக்கிட்டேன்." கணக்கெழுதிப் பிழைக்கும் மகன் ஒருவர் எதிரில் இருக்க, அவர் இதைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். நாங்கள் ஒன்றும் கூறவில்லை. எங்கள் பள்ளிக் கட்டணம் அந்த வள்ளத்திலிருந்தே வந்தது.

மறுநாள் அணியம் மட்டும் மிஞ்சியிருந்தது. நான்கு எழுத்துகளையும் மற்றப் பரப்போடு சமமாக்க வேண்டுமானால், எழுத்தின் உயரம் போகும்வரை தேய்க்க வேண்டும். 'தேச்சு விடுங்க' என்பது அப்பாவின் பழைய கட்டளை. 600ஆம் எண் தாளைக் கட்டையில் சுற்றிக்கொண்டு நின்றோம். மாமா வந்து பார்த்தார். அன்றுதான் அவர் அவ்வெழுத்துகளைக் கண்டார் என்று நினைக்கிறோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, கட்டையை எங்கள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். பையிலிருந்து ஒரு மென்துணியை எடுத்து, காம்பவுண்டைத் தொட்டு, எழுத்துகளின்மேல் தம் கையாலேயே வட்டமிட்டுத் தேய்த்தார். சுற்றிலும் தெளிந்தது, எழுத்துகள் நின்றன. அப்பா தடவிப் பார்த்து, "சேதப்படாம இருக்கட்டும்" என்றார்.

இரண்டு பூச்சு மெழுகு இட்டு முடித்தபோது குருத்தோலை ஞாயிறு நெருங்கிவிட்டது. பழைய வணிகர் மறுபடி வந்தார். ஒட்டுப்போட்ட இடத்தை நாங்களே காட்டினோம்; அவர் முகத்தை அருகே வைத்துப் பார்த்தும், ஒரு நிழல்போலவே தெரிகிறதென்றார். பேரம் 62,000இல் நின்றது.

பணத்தில் நான்கில் ஒன்று 15,500. அதனோடு 2009இன் அடகுப் பணத்தையும் சேர்த்து அப்பா எங்களை அழைத்துக்கொண்டு மறுகோடிக்குப் போனார். வழியெல்லாம் எங்கள் தோளைப் பிடித்திருந்த கை, அந்தத் திண்ணை வந்ததும் விட்டுவிட்டது. கணக்கைத் தவறாகச் சொன்னது தாம்தான் என்பதை அப்பா அத்தை கேட்கும்படி உரக்கவே சொன்னார். மாமா பணத்தை வாங்கி, இருமுறை எண்ணி, அத்தையிடம் கொடுத்தார். பிறகு எங்களைப் பார்த்து, "ரெசினுக்கும் நிறத்துக்கும் 850 தனி. அது உங்க ரெண்டு பேர் கணக்கு" என்றார். கொடுத்தோம்.

வள்ளத்தைக் கொண்டு போக ஏழெட்டு இளைஞர்களோடு வணிகர் வந்தார். அணியத்தருகே நின்று, "இந்தப் பழைய பெயிண்டு மட்டும் ஏன் போகல்ல?" என்று எழுத்துகளைக் காட்டினார்.

"பெயிண்டு இல்ல ஓய், வெயில் படாத இடம்" என்றார் அப்பா.

மாமா அவரைத் தனியே அழைத்து, ஆண்டுக்கு இருமுறை, ஆனிக்கு முன்பும் மழை ஓய்ந்த பின்பும் மெழுகு இடவேண்டும், கரையில் கிடக்கும்போது தார்ப்பாயோ கீற்றோ மேலே இருக்கவேண்டும், ஒரு மாதம் ஒருபுறம் என்று திருப்பிப் போட்டால் இன்னும் நன்று என்று விரல்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். வணிகர் சரி சரி என்று தலையாட்டினார், கேட்டதாகத் தெரியவில்லை. இளைஞர்கள் விலாவில் தோள் கொடுத்தார்கள். கை வழுக்குகிறதென்று ஒருவன் சிரித்தான்.